சிரிச்சுட்டு எந்திரி

கண்ணை மூடு என்றார்கள், மூடிக்கொண்டேன். மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி நெஞ்சு ஏறி இறங்காமல் வைத்துக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. முப்பது வருஷமாகச் சினிமாவில் செத்துக்கொண்டிருப்பவனுக்கு அதுகூட வராவிட்டால் எப்படி. முதுகுக்கு அடியில் சிமெண்ட் தரை சில்லென்று இருக்கிறது. இது ஒரு காலத்தில் பிஸ்கட் கம்பெனியாக இருந்ததாம், அம்பத்தூர்ப் பக்கம் மூடிக்கிடக்கிற எத்தனையோ கம்பெனிகளில் இதுவும் ஒன்று, செட் போட வக்கில்லாத எங்களைப் போன்ற படக்காரர்கள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போவதற்கென்றே விட்டு வைத்திருக்கிறார்கள். சுவரில் இன்னும் லேசாக வெண்ணெய் வாசனை அடிக்கிறதா, இல்லை எனக்குப் பசிக்கிறதா, தெரியவில்லை. இங்கே இருக்கிற எறும்புகளிடம் மட்டும் கம்பெனி மூடின விஷயத்தை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, இன்னும் நம்பிக்கையோடு அலைகின்றன, அந்த நம்பிக்கை வீண்போகாமல் இன்றைக்கு நான் வந்து படுத்திருக்கிறேன், கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் ரத்தத்தோடு, ரத்தம் என்றால் மேக்கப் ஜோதிலிங்கம் சர்க்கரைப் பாகில் சிவப்புப் பொடி கலந்து காய்ச்சிய ரத்தம். ஒரு எறும்பு காது மடலில் ஏறிவிட்டது. கட் சொல்லி வெகுநேரம் ஆகிறது, ஆனாலும் நான் எழுந்திருக்கக் கூடாது, ஏனென்றால் இது கடைசி பாட்டில் ரத்தம், தரையில் ஓடியிருக்கிற கோடு கலைந்துவிட்டால் அடுத்த ஷாட்டோடு ஒட்டாது, மறுபடி ஊற்ற ரத்தம் இல்லை. "அண்ணே, கொஞ்ச நேரம் செத்தே இருங்க" என்று டைரக்டர் இளம்பரிதி சொல்லிவிட்டுத் திரும்பினார், திரும்பின இடத்தில் ஹீரோ நின்றிருந்தான், சண்டை ஆரம்பித்துவிட்டது. கேமராவுக்கு முன்னால் நடக்கிற சண்டையில் யாருக்கும் அடிபடாது, நாங்கள் பார்த்துக்கொள்வோம். இந்தச் சண்டையில் எனக்கு அடிபடும் என்று தோன்றுகிறது.

சண்டையே என்னைப் பற்றித்தான். அப்படி நேராக யாரும் சொல்லவில்லை, 'அந்த டயலாக்' 'அந்த டயலாக்' என்கிறார்கள், அந்த டயலாக் என்னுடையது. படத்தில் நான் வில்லனிடம் இருக்கிற பழைய அடியாள், கடைசிச் சண்டையில் மனம் மாறி, ஹீரோவுக்கு விழ வேண்டிய கத்தியைக் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டு, அவன் மடியில் தலை வைத்து ரெண்டு வரி பேசிவிட்டுச் சாக வேண்டும். கூரை ஓட்டையிலிருந்து வெயில் விழுகிற நேரத்தில் பிணத்தை எடுத்துவிடலாம், சாகிறதை அப்புறம் எடுக்கலாம் என்று காலையில் முடிவு செய்தார்கள். வெளியாள் யாராவது கேட்டால் சிரிப்பான், எங்களுக்கு இது சாதாரணம், கல்யாணத்துக்கு முன்னாலேயே வளைகாப்பு எடுத்து முடித்த படமெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆகவே இப்போதைக்கு நான் பேசாமலே செத்துவிட்டேன், பேசுகிறது பாக்கி இருக்கிறது, பேச விடலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். 'வீட்ல சோறு ஆறிப் போயிருக்கும். காத்துக்கிட்டு இருக்க வேணாம்னு அவகிட்ட சொல்லிடுங்க.' இவ்வளவுதான். இதை எழுதினது இளம்பரிதி என்று பேர், ஆனால் இது என் வாயிலிருந்து விழுந்த சொல், ஒரு டீக்கடை வாசலில் நான் என் வீட்டுக்காரி லூர்துவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றிருக்கிறார் மனுஷன், மறுநாள் சீனில் எழுதிக் கொண்டுவந்து, 'இத நீங்க சொன்னாத்தாண்ணே நல்லாருக்கும்' என்றார். என் சொல்லை எடுத்து எனக்கே கொடுத்தாலும் அதைக் கொடுக்கிறதற்கு ஒரு ஆள் வர முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. அதுவரைக்கும் நான் படத்தில் போட்டதெல்லாம் சத்தம்தான், 'ஆ', 'டேய்', 'அம்மா', அதையும் டப்பிங்கில் வேறு யாரோ கத்தினார்கள். லூர்துவிடம் சொன்னேன், எனக்கு டயலாக் கொடுத்திருக்காங்க என்று. அவள் சொன்னாள், "மெய்யாவா? அப்ப படம் வந்தா நான் வந்துடறேன்யா. நீ பேசறத கேக்கணும்." வந்துடறேன் என்றாள். அவள் ஓசூருக்குப் போய் ரெண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டது அப்போதுதான்.

சண்டை கிண்டை போட்டுக்கொண்டு போனாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகள் பிலோமினாவுக்குப் பிரசவம், கூட இருக்க அம்மா வேண்டும், போனாள். மூன்று மாதம் என்றார்கள், அப்புறம் குழந்தைக்குக் காய்ச்சல், அப்புறம் மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், அப்புறம் குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது, நடக்கிற குழந்தையை யார் பார்த்துக்கொள்வது. நான் வா என்று சொல்லவில்லை. பேத்தியைப் பிடுங்கின மாதிரி ஆகும். அவளும் வரட்டுமா என்று கேட்கவில்லை, என்னால் அவள் இல்லாமல் இருக்க முடிகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் போனில் நான் அப்படித்தான் சொல்கிறேன், எனக்கென்ன குறைச்சல், மெஸ்ஸில் நல்ல சாப்பாடு, நீ எனக்காகக் காத்திருக்காதே, சாப்பிட்டுப் படு. அதைத்தான் அந்த டைரக்டர் கேட்டது. அந்த மெஸ்ஸில் சோறு எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கிறபோதே தெரிந்துவிடுகிறது, உள்ளே யாரும் இல்லாத வீட்டுக்கு ஒரு வாசனை இருக்கிறது, எதுவும் தாளிக்காத வாசனை. இந்த எறும்பு இப்போது கண் ஓரத்துக்கு வருகிறது, கண்ணிமை துடிக்கக் கூடாது, துடித்தால் கேமராக்காரன் பார்த்துவிடுவான், அவன் இப்போது பார்க்கவில்லை என்றாலும் பழக்கம் விடாது.

"அவன் என் ஃப்ரெண்டை ரெண்டு சீனுக்கு முன்னாடி வெட்டினவன் சார்," என்கிறான் ரிஷ்வந்த், ஹீரோ, தயாரிப்பாளரின் அக்கா மகன். "அவனை மடியில போட்டு நான் அழணுமா? ஆடியன்ஸ் எந்திரிச்சுப் போயிருவான்." பையன் சொல்கிறதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவனுக்குப் புகை நடுவே நடந்து வருகிற ஷாட் வேண்டுமாம், ஸ்லோ மோஷன், கையில் இரும்பு ராடு, டீசருக்கு அதுதான் வேண்டும் என்று மாமாவும் சொல்கிறார். மாமா வேதமாணிக்கம் ஆவடியில் தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறவர், அக்கா பிள்ளையை எப்படியாவது ஹீரோவாக்கிவிட வேண்டும் என்று இறங்கியிருக்கிறார், இந்த இடம் இன்றைக்கு மட்டும்தான், பொழுது சாய்ந்தால் வாட்ச்மேன் பூட்டிவிடுவான், ரெண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும். இளம்பரிதி மெதுவாகத்தான் பேசுகிறார், தேனிப் பக்கத்துக்காரர், கோபம் வந்தால் குரல் இறங்கும். இத்தனை பேரு சாகுறாங்க சார் இந்தப் படத்துல, ஒருத்தனாவது வீடு இருக்கிறவனா சாகட்டுமே என்கிறார். வீடு இருக்கிறவன். எனக்கு அந்தச் சொல் உள்ளே எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. அசையாமல் படுத்திருப்பது சுலபம் என்று நினைக்கிறார்கள், அசையாத உடம்புக்குள் எல்லாம் அசைகிறது, இடது தோள்பட்டை வலிக்கிறது, அந்தத் தோள்தான் எனக்குச் சோறு போட்டது, நான் எப்போதும் இடது தோளில்தான் விழுவேன். லூர்து அதை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடிப்பாள். கல்யாணமான புதிதில் காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் நான் விழுகிற படமெல்லாம் பார்ப்போம், இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், திரையில் ஹீரோ இருபது பேரைச் சுழற்றி அடிக்கும்போது அவள் ஹீரோவையே பார்க்க மாட்டாள். மூஞ்சி தெரியாது, எல்லோருக்கும் ஒரே பனியன், ஒரே கைலி, இவள் மட்டும் என் விரலை அழுத்துவாள். அழுத்தினால் கண்டுபிடித்துவிட்டாள் என்று அர்த்தம். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. ஒரு படத்தில் என் விழுகையை எடிட்டிங்கில் வெட்டிவிட்டார்கள், எனக்கே தெரியாது, சண்டை முடிகிற வரை காத்திருந்தாள், விரல் அழுந்தவே இல்லை, வீட்டுக்குப் போய், நீ அதில் இல்லைய்யா என்று சொல்லி அழுதாள், நான் என்னவோ நிஜமாகவே இல்லாமல் போய்விட்ட மாதிரி. இந்த டயலாக்கையும் வெட்டிவிட்டால் அவள் எதற்கு வருவாள். விழுகிறதைப் பார்க்க இந்த வயதில் யார் ஓசூரிலிருந்து பஸ் ஏறுவார்கள். அவளுக்கு ஒரு காரணம் வேண்டும், பேத்தியை விட்டுவிட்டு வருவதற்கு மகளிடம் சொல்ல ஒரு காரணம், எனக்காக வந்தாள் என்று ஆகாமல் வருவதற்கு ஒரு காரணம், அந்தக் காரணத்தைத்தான் அங்கே நின்று வேண்டுமா வேண்டாமா என்கிறார்கள்.

போன் அடிக்கிறது. என் போன், ஜோதிலிங்கத்தின் சட்டைப் பையில் இருக்கிறது, மாதா கோயில் மணி மாதிரி ஒரு ரிங்டோன், பேத்திக்குப் பிடிக்கும் என்று பிலோமினா வைத்துக் கொடுத்தது. ஜோதி எடுத்துவிட்டான், எடுக்காதேடா என்று சொல்ல முடியவில்லை, பிணம் எப்படிச் சொல்லும். "ஆங், அண்ணி," என்கிறான், "அவரு செத்துக் கிடக்காரு அண்ணி." வேறு எந்த வீட்டிலாவது இப்படிச் சொன்னால் அந்தப் பக்கம் போன் கீழே விழுந்திருக்கும். ஜோதிக்கு அது உறைக்கவே இல்லை, இருபது வருஷமாக ஆட்களைக் கொன்று கொன்று அவனுக்குப் பேச்சே அப்படியாகிவிட்டது. "ஆமா, ரத்தம்லாம் போயிருக்கு. இல்ல, எப்ப எந்திரிப்பாருன்னு சொல்ல முடியல, பேச்சு நடந்துட்டிருக்கு." லூர்துவும் பதறியிருக்க மாட்டாள், அவளுக்கும் பழக்கம். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை, காதை அந்தப் பக்கம் திருப்பவும் முடியாது. ஜோதி குனிகிறான், அவன் வாயில் வெற்றிலை வாசனை, காதருகே சொல்கிறான்: "பேசிட்டாரான்னு கேக்கறாங்க." கண்ணை இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடிக்கொண்டேன். "இன்னும் பேசல அண்ணி," என்கிறான் ஜோதி, நல்லவன், அதற்கு மேல் சொல்லவில்லை. மறுபடி குனிகிறான். "எந்திரிக்கறதுக்கு முன்னாடி சிரிக்கணுமாம். மறந்துடக் கூடாதாம்."

அது அவளுக்கு முக்கியம். பிணமாக நடித்தவன் எழுந்திருக்கும் முன்னால் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் கேமரா ஓட்டி எடுக்க வேண்டும், அப்போதுதான் செத்தது பொய், உயிரோடு இருப்பது நிஜம் என்று ஆகும். எங்கள் தொழிலில் யாரும் இதை விடுவதில்லை, சாமி கும்பிடாதவன்கூட இதை விடமாட்டான். சத்தம் பதிய மாட்டார்கள், படத்தில் சேர்க்க மாட்டார்கள், சும்மா ஒரு சிரிப்பு, ஓட்டு, கட், எழுந்து போ. நான் எத்தனை சிரித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, என் மூஞ்சி நேராகக் கேமராவில் விழுந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில்தான், அதையெல்லாம் ஒட்டினால் ஒரு முழுப்படம் வரும், சிரிக்கிறவன் ஒருத்தன் மட்டும் இருக்கிற படம். வீட்டுக்குப் போனால் லூர்து வாசலிலேயே மறித்துக்கொண்டு நிற்பாள். "இன்னாய்யா, இன்னிக்கும் செத்தியா?" செத்தேன் என்பேன். "சிரிச்சியா?" சிரிச்சேன் என்றால்தான் வழி விடுவாள். உள்ளே சோறு வடித்து, தட்டை வைத்து, மேலே இன்னொரு தட்டால் மூடி வைத்திருப்பாள், தானும் சாப்பிட்டிருக்க மாட்டாள். ஏன்டி காத்திருந்தாய் என்று நான் வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறேன். காத்திருக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம் என்று. இப்போது யோசித்தால் அந்த மூடின தட்டைத் திறக்கிறபோது முகத்தில் அடிக்கிற ஆவி இருக்கிறதே, அதற்காகத்தான் நான் அத்தனை தடவையும் ஒழுங்காக விழுந்து ஒழுங்காக வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று தெரிகிறது. அது வேண்டாம் என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது, இப்போது படத்திலும் அதையே சொல்லப் போகிறேன். சொல்ல விட்டால்.

பயமாக இருக்கிறது. மேலிருந்து குதித்தபோதெல்லாம் வராத பயம், தரையில் சும்மா படுத்திருக்கும்போது வருகிறது. இப்படியே, யாரும் எழுந்திரு என்று சொல்லாமலே விட்டுவிட்டால். விளக்கை அணைத்துவிட்டு, பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு, பேசிக்கொண்டே போய்விட்டால். போனில் அவள் என்னை, எப்படி இருக்கே என்று கேட்கிறாள், நல்லா இருக்கேன் என்கிறேன். நான் அவளை, எப்படி இருக்கே என்று கேட்கிறேன், எனக்கென்ன என்கிறாள். ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறோம் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லியே ஒரு நாள் ரெண்டில் ஒருவர் இல்லாமல் போய்விடுவோம். வா என்பது ஒரே ஒரு எழுத்து. அதைச் சொல்ல ஒரு டைரக்டர் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே எனக்கு, அதுவும் அவர் தலைகீழாக, காத்திருக்க வேண்டாம் என்று, எழுதிக் கொடுத்திருக்கிறார். காலடிச் சத்தம் கேட்கிறது. புது ஷூ, ஹீரோவின் ஷூ. பக்கத்தில் வந்து உட்காருகிறான், செண்ட் வாசனை. சுற்றிப் பார்த்திருப்பான், குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க." நான் அசையவில்லை. இந்தப் பையனுக்கு நான்தான் அடிக்கக் கற்றுக்கொடுத்தேன், கையை மடக்குகிறபோது கட்டைவிரலை உள்ளே வைக்காதே என்பதிலிருந்து. "நேத்து ரிகர்சல்ல நீங்க அதைச் சொன்னப்ப நான் என்ன மூஞ்சி வெக்கறதுன்னே தெரியலண்ணே. எனக்கு அழ வராது. உங்க பக்கத்துல என்னை வெச்சு எடுத்தா, என்னைப் பாத்துச் சிரிப்பாங்க." ஓ, அதுதானா. இதை மாமாவிடம் சொல்ல முடியாமல்தான் ஆடியன்ஸ், டீசர் என்று சுற்றி வளைத்தாயா. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, கண்ணைத் திறந்து, டேய் தம்பி, அழ வேண்டாம், சும்மா என்னைப் பார்த்துக்கொண்டு இரு, அது போதும் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் நான் செத்திருந்தேன். அவன் என் கண் ஓரத்திலிருந்த எறும்பைத் தட்டிவிட்டு எழுந்து போனான்.

வாக்குவாதம் முடிந்துவிட்டது, டயலாக் போய்விட்டது. இளம்பரிதியின் குரல் கேட்கவே இல்லை, அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். புகை போடுகிற சத்தம், அந்த மெஷின் இருமுகிறது, மண்ணெண்ணெய் நாற்றம் என் மூக்குக்கு வருகிறது, மூச்சை இன்னும் கீழே இறக்குகிறேன். ரிஷ்வந்த் என்னைத் தாண்டி நடக்கிறான், ராடு தரையில் உரசிக்கொண்டு போகிறது, நல்ல நடை, அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். மறுபடி நடக்கிறான். மறுபடி. மாமாவுக்குச் சந்தோஷம், கைதட்டுகிறார். நான் இந்த ஷாட்டில் மங்கலாக ஒரு மூலையில் தெரிவேன், லூர்துவால்கூடக் கண்டுபிடிக்க முடியாது, விழுந்து கிடக்கிறவனுக்கு இடது தோள் ஏது வலது தோள் ஏது. அவளிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன். எடுத்தாங்க, ஆனா நீளம் அதிகமாயிருச்சுன்னு வெட்டிட்டாங்க என்று சொல்லலாம். பரவாயில்ல விடுய்யா என்பாள். சரி, சாப்பிட்டுப் படு என்பேன். அப்புறம் பேத்தி போனை வாங்கி எதையாவது அமுக்கிவிடும். கூரை ஓட்டை வெயில் என் மேலிருந்து நகர்ந்துவிட்டது, மூடின கண்ணுக்குள் சிவப்பாக இருந்தது கறுப்பாகிவிட்டது, அதில் தெரிந்துகொண்டேன். யாரோ, பாடி எந்திரிக்கலாம் என்றார்கள்.

"இரு இரு, எந்திரிக்காத," என்று ஜோதி ஓடிவருகிறான். "சிரிக்கல இன்னும்." வாட்ச்மேன் வந்து நிற்கிறானாம், கிளம்பலாம் கிளம்பலாம் என்கிறார்கள், ஆனால் வேதமாணிக்கமே தடுத்துவிட்டார், முதல் படம், சாவுக் காட்சி எடுத்து சாஸ்திரத்தை விட்டோம் என்று இருக்கக் கூடாது, அதை எடுங்க முதல்ல, நான் டீ குடிச்சுட்டு வரேன் என்று வெளியே போனார். அப்போதுதான் இளம்பரிதி வாயைத் திறக்கிறார், கேமராவைக் கிட்ட கொண்டு வா, க்ளோசப் லென்ஸ் போடு என்கிறார். சிரிக்கறதுக்கு எதுக்கு சார் க்ளோசப் என்று கேமராக்காரன் கேட்கிறான். செய்யறதை ஒழுங்காச் செய்வோம் என்கிறார், குரல் ரொம்பக் கீழே இருக்கிறது. என் முகத்துக்கு நேரே ஒரு விளக்கு வருகிறது, கண்ணுக்குள் மறுபடி சிவப்பு. அவர் குனிந்து சொல்கிறார், "அண்ணே, ஓட்டப்போறேன். உடனே சிரிக்கணும்னு இல்ல. சிரிக்கறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. நான் கட் சொல்ல மாட்டேன்." கண்ணைத் திறந்தேன். வெகுநேரம் மூடியிருந்த கண், எல்லாம் தண்ணீராகத் தெரிகிறது. லென்ஸ் இவ்வளவு கிட்டே என்னிடம் வந்ததே இல்லை. தலைக்குக் கீழே ஏதோ நுழைகிறது, பார்த்தால் ரிஷ்வந்த், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறான். தரையில தலை வலிக்கும்ல என்கிறான் கேமராக்காரனிடம், யாரோ கேட்ட மாதிரி. அவன் மூஞ்சி படத்தில் வராது, அவனுக்குப் பயமில்லை இப்போது. மடி சூடாக இருக்கிறது. கேமரா ஓடுகிற சின்னச் சத்தம். நான் சொன்னேன், "வீட்ல சோறு ஆறிப் போயிருக்கும்." அடுத்த வரி எனக்குத் தெரியும், ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காத்துக்கிட்டு இருக்க வேணாம்னு. அது வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ரெண்டு வருஷமாகச் சொன்ன பொய்யை இவ்வளவு கிட்டே வந்து நிற்கிற லென்ஸிடம் சொல்ல முடியவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. "அவகிட்ட சொல்லுங்க," என்றேன். "நான்தான் காத்துக்கிட்டு இருக்கேன். லூர்துகிட்ட சொல்லுங்க." பேரைச் சொல்லிவிட்டேன், கதையில் அப்படி யாரும் இல்லை. என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது, அழ வராது என்று சொன்ன பயல். அப்புறம் சிரிப்பு வந்தது, யாரும் கேட்காமல், அதுவாக வந்தது, நிற்கவும் இல்லை. சத்தம் பதியவில்லை, டப்பிங்கில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், போடாமலும் போகட்டும், மாமா பார்த்துவிட்டு வெட்டச் சொன்னாலும் சொல்வார். நான் சொல்லிவிட்டேன். வாய் அசைந்துவிட்டது. இருபது பேர் நடுவே என் தோளைக் கண்டுபிடிக்கிறவளுக்கு வாயசைவு தெரியாதா.

வெளியே பம்பு அருகில் உட்கார்ந்திருக்கிறேன், ஜோதி ஈரத் துணியால் கழுத்தைத் துடைக்கிறான், பாகு பிசுபிசுவென்று போகமாட்டேன் என்கிறது, எறும்புகள் சட்டைக்குள் வரை வந்திருக்கின்றன. போனை வாங்கி நானே போட்டேன், வழக்கமாக அவள்தான் போடுவாள். ஒரு ரிங்கில் எடுத்தாள். "சிரிச்சியா?" என்றாள், வேறு எதுவும் கேட்பதற்கு முன்னால். சிரிச்சேன் என்றேன். "பேசினியா?" பேசினேன் என்றேன். "இன்னா பேசின, சொல்லு." சொல்லலாம்தான், ரெண்டு வரிதானே, போனிலேயே சொல்லிவிடலாம், அவள் சரி என்பாள், நான் சாப்பிட்டுப் படு என்பேன், நாக்கு அந்தப் பக்கம் போகப் பார்க்கிறது, அதற்குப் பழகின வழி அதுதான். "வந்து கேளு," என்றேன். பேத்தி ஏதோ மழலையில் கேட்கிறது. "படம் வர்றப்பவா?" என்றாள். படம் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும், வராமலே போனாலும் போகும், நீ வா என்றேன். வா என்று சொல்லியேவிட்டேன், ஜோதி துடைக்கிறதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். அவள் மூச்சு விடுவது கேட்கிறது, அவ்வளவு தூரத்திலிருந்து, காதுக்குப் பக்கத்தில். போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன், இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மறுபடி காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஏன்யா," என்றாள் கடைசியில், "நான் வர்றப்ப சோறு வடிச்சு வெக்கத் தெரியுமா உனக்கு?"